மூன்றாவது உலை

நீராவி அழுத்தமானியின் முள் பன்னிரண்டில் நிற்க வேண்டும். ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.

கப்பலின் உலைகளுக்குக் கரி தள்ளும் ஆட்களின் தலைவர், தலைமை ஃபயர்மேன் உராபே, மூன்றாவது உலையின் கதவைத் திறந்து பார்த்தார். உருகிய சாம்பல் பாறையாக இறுகிக் கிடந்தது. அடியிலிருந்து காற்று ஏறவில்லை. ஜப்பானின் மோஜி துறைமுகத்தில் ஏற்றிவிட்ட கரியில் பாதி மண்.

'மிசோனோ மாரு' பழைய சரக்குக் கப்பல். தொள்ளாயிரம் சிப்பாய்களைச் சுமந்துகொண்டு மணிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அணியில் ஒன்பது கப்பல்கள். பின்தங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். புகை தெரிந்தால் எதிரி நீர்மூழ்கிகள் தேடி வந்துவிடும். காலையில் ஒரு முறை புகைந்ததற்கே காவல் கப்பல் விளக்கில் செய்தி அனுப்பிவிட்டது: இன்னொரு முறை புகைந்தால் அணியை விட்டு வெளியேறு. அந்தக் கோடையில் தனியாகப் போன கப்பல் கரை சேர்ந்ததாக உராபே கேள்விப்படவில்லை.

உலையைச் சுத்தம் செய்து, எரியாத பச்சைக்கரி போட்டால் பத்து நிமிடம் கரும்புகை எழும். செய்யாவிட்டால் வேகம் விழும்.

இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சிப்பாய்களோடு வந்த லெப்டினன்ட் ஹொசாகா.

"யோவ், வேகம் குறையுது. என்ன பண்றீங்க கீழே?"

"டீ போட்டுட்டு இருக்கோம்யா. இருந்து குடிச்சிட்டுப் போங்க" என்றான் ஃபயர்மேன் குவாபாரா. முகத்தில் கரியும் பல்லும்தான் தெரிந்தன.

"கரி தள்றவனுக்கு வாயைப் பாரு."

"உங்க பட்டாளத்துல தூதுப் புறாவுக்குக்கூட நம்பர் இருக்கு. எங்களுக்கு அதுவும் இல்ல. வாயாவது இருக்கட்டுமேய்யா."

ஹொசாகா உராபேயிடம் திரும்பினான். "கரியை அள்ளிப் போடு. இது உத்தரவு."

"போட்டா புகையும். எனக்கு உத்தரவு கேப்டன்கிட்டேருந்துதான் வரணும்."

உராபே மேல்தளத்துக்குப் போகும் பேச்சுக்குழாயில் வாய் வைத்தார். "கேப்டன், மூணாவதை அணைக்கிறேன். இன்னும் கொஞ்சம் வேகம் விழும். இருபது நிமிஷம் குடுங்க."

"முன்னாடி போற கப்பல் ஏற்கனவே தூரமாயிடுச்சு, உராபே."

"தெரியும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடி ஒரு குரல் குடுங்க."

"சரி."

அவர் தன் ஆட்களைப் பார்த்தார். "மூணாவதுல இருக்கறதை முழுசா வெளிய இழுங்க. மத்த ரெண்டுலேருந்து தணலை அள்ளி அதுக்குள்ள போடுவோம். எரிஞ்ச தணல் புகையாது."

"அண்ணே" என்றான் இன்னொரு ஃபயர்மேன் இனோ, "டார்பிடோவுக்குத் தப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கப்பலை வளைக்கிறாங்க. ஷவல் நிறையத் தணலோட நிக்கும்போது சாஞ்சுதுன்னா?"

"சாயறப்ப நடக்காதே."

இழுத்துப் போட்ட சாம்பல் பாளங்களில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. முள் எட்டுக்கு வந்தது. ஹொசாகா இன்னும் போகவில்லை.

"நான் என்ன செய்ய?" என்று கேட்டான்.

"குழாய்கிட்ட நில்லுங்க. திருப்பம்னு சொன்னா கத்துங்க."

உராபே முதல் ஷவலை அள்ளினார். மூன்றாவது உலைக்கு நான்கு எட்டு நடை. வெள்ளையாகக் கனன்ற தணல் அவர் புருவத்தைப் பொசுக்கியது. உலைக்குள் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். பின்னால் குவாபாரா. அவனுக்குப் பின்னால் இனோ.

"திருப்பம்!"

மூவரும் வெறும் ஷவலோடு கம்பியைப் பிடித்து நின்றார்கள். தளம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி அள்ளினார்கள்.

நான்கு திருப்பங்கள் முடிந்தன. மூன்றாவது உலையின் தளத்தைச் சிவந்த தணல் மூடியது. உராபே ஒரு சிறங்கைக் கரியை மட்டும் அதன் மேல் தூவி, கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தார்.

"புகை?" என்று குழாயில் கேட்டார்.

"சுத்தமா இருக்கு."

முள் ஒன்பது. பத்து. இன்னும் இரண்டு நடை போதும். பதினொன்றைத் தொட்டபோது அவர் ஷவலோடு நடுவில் இருந்தார்.

யாரும் கத்தவில்லை. கப்பல் ஒரேயடியாகச் சாய்ந்தது. உராபே முழங்காலில் விழுந்தார். தணல் முன்கையில் கொட்டிச் சிதறியது. அடுத்த கணம் கடல் வழியாக ஓர் இடி வந்து தகடுகளை உலுக்கியது.

குவாபாரா அவர் கையில் வாளித் தண்ணீரைக் கொட்டினான். அவர் அவனைத் தள்ளிவிட்டு, சிதறிய தணலை வாரி உலைக்குள் எறிந்தார். பிறகுதான் குழாய்க்குப் போனார்.

"கேப்டன்?"

"நம்ம கப்பல்ல படல. முன்னாடி போனதுல பட்டுடுச்சு. டார்பிடோ வர்றதைப் பார்த்துத்தான் திருப்பினேன், சொல்ல நேரமில்ல." மூச்சு வாங்கியது. "முழு வேகம் வேணும், உராபே."

"தண்ணில விழுந்தவங்களைத் தூக்க நிக்கலையா?"

"நிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"முழு வேகம்னா புகையும்."

"இனி புகையட்டும்."

ஹொசாகாவின் முகம் வெளுத்திருந்தது. "அதுல எங்க ரெண்டாவது கம்பெனிச் சிப்பாய்ங்க இருக்காங்க" என்றான்.

"ஃபயர்மேனும் இருக்கான்யா" என்றான் குவாபாரா. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

உராபே மூன்று கதவுகளையும் திறந்தார். பச்சைக்கரி விழுந்தது. நெருப்பு ஒரு கணம் கறுத்து, பிறகு பற்றியது. முள் பன்னிரண்டுக்கு ஏறியது.

இனோ அடுத்த ஷவலை அள்ளும்போது, கப்பலின் பக்கத் தகட்டில் வெளியிலிருந்து ஏதோ மோதியது. மெதுவாக, மரமோ இரும்போ அல்லாத சத்தத்தில். பிறகு இன்னொன்று. இனோ ஷவலோடு அப்படியே நின்றான்.

"போடு" என்றார் உராபே.