ஆமா, கொஞ்சம் குளிர்தான்

கொடியில் துணி போடுவதற்கு முன்னால் நோரீன் வானத்தைப் பார்க்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் கிளிஃபைத்தான் பார்ப்பாள். இரண்டு வீட்டுப் பின்முற்றங்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு செங்கல் சுவர். கிளிஃப் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, கடல் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பி ஏதாவது ஒன்று சொல்லுவார். வானம் வெளுத்துவிடும் போலிருக்கிறது என்பார். ஆமாம், அந்தப் பக்கம் வெளுப்பாகத்தான் தெரிகிறது என்பாள் அவள். துணி கொடிக்கு ஏறும். கொஞ்ச நேரத்தில் தூறல் விழும். இரண்டு பேரும் மறுபடி வெளியே வந்து, நினைத்தேன், நானும் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மோர்கம் கடற்கரையில் கோடை என்றால் அப்படித்தான். காலையில் கம்பளிக் கார்டிகன், மதியம் அரைக்கைச் சட்டை, மூன்று மணிக்குக் குடை, சாயங்காலம் மூன்றும். அந்த வானத்தை நம்பி யாரும் எதையும் செய்வதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஒருவரோடு ஒருவர் பேச அவர்களுக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வாயைத் திறப்பவர் வானத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அடுத்தவர் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்வது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவது போல. தெற்கிலிருந்து குடிவந்த ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் ஒரு அம்மாள் "என்ன புழுக்கம்" என்றதற்கு, அப்படி ஒன்றும் இல்லையே, நேற்றுதான் அதிகம் என்று விளக்கம் சொன்னார். அதற்கப்புறம் அவர் நிழற்குடையின் அந்தக் கோடியிலும் மற்றவர்கள் இந்தக் கோடியிலும்தான் நின்றார்கள். அவருக்கு மட்டும் கடைசிவரை காரணம் தெரியவில்லை.

கிளிஃபுக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி போய் வெகுகாலம். ஒரே மகள் லொரேன், தெற்கே ஸ்விண்டனில். போன குளிர்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் நோரீனைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். என் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னொரு தடவை ஏதாவது ஆனால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்பாள். நன்றாகத்தான் இருக்கிறார், தினமும் பேசுகிறோமே என்பாள் நோரீன்.

கிளிஃபுக்கும் இது தெரியும். திங்கட்கிழமை காலையில் சுவரோரம் வந்து நிற்பார்.

"நேத்து நான் எப்படி இருந்தேன்?"

"பிரமாதமா இருந்தீங்க."

"நல்லது. அந்த இடத்துல ஜன்னலத் திறக்க முடியாதாம், நோரீன். கம்பி வச்சு அடிச்சிருக்காங்களாம்."

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லுவார்.

நோரீனுக்கும் வேறு யார் இருந்தார்கள்? கணவன் ரெஜ் போன பிறகு, அந்தச் சுவரோரத்து நாலு வார்த்தைதான் பல நாட்களில் அவள் காதில் விழுந்த மனிதப் பேச்சு. மற்றதெல்லாம் வானொலி.

ஜூலை நடுவில், ஒரு வாரம் விடாமல் நசநசத்த மழைக்குப் பிறகு, திடீரென்று ஒரு நாள் கொளுத்தியது. தெருவில் தார் இளகியது. கடற்காக்கைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு புகைக்கூண்டு நிழலில் உட்கார்ந்திருந்தன. நோரீன் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டபோது கிளிஃப் வந்தார். கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட்டு, கழுத்துவரை பொத்தான்.

"திடீர்னு குளிர் எறங்கிருச்சு, இல்ல?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. செங்கல்லின் மேல் வைத்த கோப்பை கையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் டாக்டர், டாக்டர் என்றால் லொரேன், லொரேன் என்றால் அந்த ஜன்னல். அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

"ஆமா, கொஞ்சம் குளிர்தான்," என்றாள். "காத்து சில்லுனு வருது."

காற்றே இல்லை. விரிப்பு ஒரு பலகையைப் போல அசையாமல் தொங்கியது.

"அதான் பாத்தேன்," என்றார் கிளிஃப், மனம் நிறைந்தவராக. கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கு முழுக்க அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வயதானால் ரத்தம் சுண்டிப்போகும், குளிரத்தான் செய்யும். மெலிந்த உடம்பு வேறு. போய்க் கதவைத் தட்டலாமா என்று இரண்டு முறை செருப்பை மாட்டினாள். தட்டி என்ன சொல்வது? காலையில் ஆமாம் என்று சொன்ன வாயால் இப்போது எப்படி மாற்றிப் பேசுவது? செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மறுநாள் இன்னும் வெயில். கிளிஃப் குளிர்கால ஓவர்கோட்டில் வந்தார். கழுத்தில் மஃப்ளர். கையில் கோப்பை இல்லை. சுவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட்டன.

"இன்னைக்கும் விடமாட்டேங்குது," என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல, கிளிஃப். இன்னைக்குக் குளிரே இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரின் மேல் அந்த வார்த்தை விழுந்ததில்லை.

"இல்லையா?"

"நல்ல வெயில். எனக்கு வேர்த்து ஊத்துது. நேத்தும் வெயில்தான். உங்களுக்குத்தான் உடம்பு சரியில்ல."

அவர் குனிந்து தன் ஓவர்கோட்டைப் பார்த்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றார். "ஆனா நீயும் குளிருதுன்னியே."

அவர் கால் மடங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் சரிவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். லொரேன் வந்திறங்கியவுடன் நோரீனைக் கட்டிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லன்னா ஆன்ட்டி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நோரீன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் நடந்தே வீடு திரும்பியிருக்கலாம். இப்போது இரண்டு பேர் தாங்கினால்தான் எழுந்து நிற்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

லொரேன் அவரை அந்த இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று மேகம் மூடி, மழை வருமா வராதா என்று இருந்தது. காரின் முன்னிருக்கையில் முழங்காலில் போர்வையோடு அவரை உட்கார வைத்திருந்தார்கள். நோரீன் ஜன்னலருகே குனிந்தாள். அவர்தான் தொடங்குவார் என்று காத்திருந்தாள். எப்போதும் அவர்தானே. அவர் வாயைத் திறக்கவில்லை.

"பயணத்துக்கு நல்ல நாளாத்தான் அமைஞ்சிருக்கு," என்றாள் அவளே. "வெயிலும் இல்ல, மழையும் இல்ல."

ஆமாம் என்று சொல்ல வேண்டிய முறை இப்போது அவருடையது. அவர் வானத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். லொரேன் வண்டியைக் கிளப்பினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். அவருடைய தக்காளித் தொட்டிகளை நோரீன் சுவருக்கு இந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். துணி போடுவதற்கு முன்னால் தானே வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பழகினாள். பார்த்து என்ன பயன், யாரிடம் சொல்வது என்று பல நாள் ஈரத்துணியைக் கூடையிலேயே விட்டுவிடுவாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தது. லொரேன்தான் என்று எடுத்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது கிளிஃபின் குரல்.

"அங்க மழை ஊத்துதா?"

நோரீன் வாசலைப் பார்த்தாள். அந்தக் கோடையிலேயே அப்படி ஒரு தெளிவான நாள் அதுவரை வரவில்லை. திறந்த கதவு வழியாக வெயில் நடைவரை வந்து அவள் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து மலைகள் கழுவித் துடைத்தது போல நின்றன. தெருவில் குழந்தைகள் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் ஓடின.

"இங்க ஒண்ணும் தெரியல," என்றார் அவர். "எதிர்ல ஒரு சுவர். உள்ள எப்பவும் ஒரே சூடு. அங்க ஊத்தும்னு நினைச்சேன்."

"ஊத்துதுங்க," என்றாள் நோரீன். "காலையிலேர்ந்து விடல. துணியெல்லாம் உள்ளதான் தொங்குது."

"நினைச்சேன்." அவர் மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. "கடலு?"

"கடல் எங்க தெரியுது? எல்லாம் ஒரே சாம்பலா கெடக்கு."

"அப்ப நான் ஒண்ணும் இழக்கல."

"ஒண்ணும் இல்ல, கிளிஃப்."

"அடுத்த வாரமாவது?"

"அடுத்த வாரமும் மோசம்னுதான் ரேடியோவில சொல்றான்."

"பாவம், நீங்கள்லாம்," என்றார் கிளிஃப். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பிறகு யாரோ மாத்திரை என்று அவரைக் கூப்பிடுவது கேட்டது. பேச்சு அறுந்தது.

நோரீன் பின்முற்றத்துக்குப் போனாள். விரிப்புகள் மொரமொரவென்று காய்ந்து வெயில் வாசனையோடு தொங்கின. பொழுது சாய இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவளோ மழை இறங்கிவிட்டது போல அவசர அவசரமாகக் கவ்விகளைப் பிடுங்கி, துணிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்தினாள்.