டோ மியா யின் காதில் கடைசியாக ஓடியது

“காதை அடைச்சுட்டு அம்மா ஒருத்தர் மட்டும் கேக்கறதுக்குப் பேரு புண்ணியமாக்கா? கஞ்சத்தனம்!”

மா ஸின் மார் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா பேசு. கடையில நிக்கிறோம்,” என்றாள் அக்கா மா சான் யீ.

“எதுக்கு மெதுவா? ஸ்பீக்கர் வாங்கினா வீட்டுக்கு வர்றவங்க, அக்கம்பக்கம், தெருவுல படுத்திருக்கிற நாய் வரைக்கும் பிக்கு ஓதறதைக் கேக்கும். கேட்டவங்க எல்லாம் கைகூப்பி, நல்லதுன்னு ‘சாது’ சொல்லுவாங்க. அவ்வளவும் அம்மா கணக்குல சேரும்.”

“நாயோட புண்ணியத்தை வெச்சு அம்மா என்னடி செய்யப்போறா? அவளுக்கு மண்டை வெடிக்குது. கரண்டு வேற ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருது. உன் ஸ்பீக்கரை மெழுகுவத்தியிலயா ஓட்டறது?”

மாண்டலேயில் அந்த வருடம் மின்சாரத்தைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் ரங்கூனிலிருந்து நல்ல பட்டு லுங்கி கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஸின் மார் ஒரேயடியாகத் தோற்றுப்போக மாட்டாள் அல்லவா? கடைக்காரர் கோ ஹானிடம், “நீங்களே சொல்லுங்கண்ணே” என்றாள்.

இரண்டையும் விற்கிறவரிடம் நியாயம் கேட்டால் என்ன கிடைக்கும்? “ரெண்டையும் வாங்கிக்குங்க தங்கச்சி” என்றார் கோ ஹான்.

விஷயம் இதுதான். தம்பி ஆங் பியோ மலேசியாவிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற பாட்டுப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தான். முதலில் பிக்குகளின் ஓதல், அடுத்து பழைய பாட்டு, அதற்கும் அடுத்து அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிற கோமாளிக் குழுவின் கூத்து என்று வரிசையாக ஏற்றியிருந்தான். கேட்பதற்குத் தோதாக ஒன்றை, அம்மாவின் எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மகள்கள் இருவரும் சேர்ந்து வாங்கித் தருவதாக ஏற்பாடு. டோ மியா யின்னுக்கு ஈரலில் புற்று. ஆஸ்பத்திரியில் கை விரித்து வீட்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. இனிமேல் செய்ய ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. மூச்சு நிற்கிற நேரத்தில் காதில் ஓதல் இருக்க வேண்டும். மனம் அதைப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல பிறவி. அந்த நேரத்தில் மனம் வேறெங்காவது திரிந்தால் பேயாகவோ புழுவாகவோ போக வேண்டியதுதான். இதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை, சான் யீக்கும் இல்லை.

கோ ஹான் முதலில் காதுக்குள் செருகுகிற குட்டி ஹெட்போனைக் காட்டினார். அது ஆகாது. அந்தக்காலத்துத் தோடு போட்டுப்போட்டு அம்மாவின் காது மடல் தொங்கிக் கிடந்தது. அவள் திரும்பிப் படுத்தால் விழுந்துவிடும். பிறகு காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போனை எடுத்தார். உள்ளே மெத்தென்று பஞ்சு.

“இதைப் போட்டா வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள போகாது. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் தெரியாது.”

சான் யீ சட்டென்று நிமிர்ந்தாள். “ஒண்ணுமே கேக்காதா?”

“போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தாள். தங்கையின் வாய் அசைந்தது, சத்தமே இல்லை. இந்த ஒரு சுகத்துக்காகவே வாங்கலாம் என்று தோன்றியிருக்கும். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. அதன் பெயர் கோ தெய்ன் லின்.

கோ தெய்ன் லின்னுக்கு அரிசி மண்டி. இரண்டு முறை கல்யாணம் கட்டி இரண்டு முறையும் மனைவியைப் பறிகொடுத்தவர். சான் யீ ஸேச்சோ சந்தையில் வெல்வெட் செருப்புக் கடை வைத்திருந்தபோது பழக்கம். அம்மாவுக்காகக் கடையை மூடிய பிறகு, அரிசி கொண்டு வருகிற சாக்கில் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்வார். இரண்டு பேர் வீட்டுக்கு அத்தனை அரிசியா என்று தெரு வியக்கும். டோ மியா யின்னுக்கு உடம்பு கிழிந்த துணியாகிவிட்டதே தவிர, காது மட்டும் பழுதில்லை. மூங்கில் தட்டிக்கு அந்தப்பக்கம் அவர் தொண்டையைச் செருமினாலே இந்தப்பக்கம் குரல் வந்துவிடும்.

“யாருடி அது? ரெண்டு பேரை முழுங்கினவனா? மூணாவதா உன்னைத் தேடி வந்திருக்கானா?”

நாற்பத்தொரு வயதில், ஐந்து மாதமாகப் பீயும் மூத்திரமும் அள்ளுகிறவளுக்கு, ஒரு ஆணோடு கால் மணி நேரம் பேச ஆசை இருக்காதா என்ன? சான் யீ பெரிய ஹெட்போனையே வாங்கினாள்.

அம்மாவுக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. சாப்பாடு ஆனதும் மாட்டிவிட்டால் புத்தர் மாடத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடப்பாள். ஆங் பியோ தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். “அக்கா, ஓதல் முடிஞ்சா பெட்டி தானா அடுத்ததுக்குப் போயிடும். பக்கவாட்டுல இருக்கிற பொத்தானை அமுக்கிடு. அப்பதான் முதல்ல இருந்து மறுபடி ஓதும்.”

தினமும் அமுக்கினாள். மூன்று வாரம் தவறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, மாட்டிவிட்டு விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோகும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அவருடைய மணிதான். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கோ தெய்ன் லின் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மண்டிக்கு வந்த பெரிய அதிகாரி அரிசியை மோந்து பார்க்கக் குனிந்தாராம். பல்செட்டு மூட்டைக்குள் விழுந்துவிட்டதாம்.

“நாலு பேர் மூட்டையைக் கொட்டித் தேடறோம் சான். அவரு வாயைப் பொத்திக்கிட்டு, ‘மெழுவா தேழுங்க, மெழுவா தேழுங்க’ங்கறாரு!”

சான் யீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, யாருக்குக் கேட்கப்போகிறது என்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த வீட்டு டோ பூ தன் அடுப்படியிலிருந்தே அந்தச் சிரிப்பைக் கேட்டாள். மணி என்ன என்று பார்த்தும் வைத்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு அவர் கிளம்பினார். சான் யீ கஞ்சித் தண்ணீரோடு உள்ளே போனாள். அம்மாவின் கண் திறந்திருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனை மெல்லக் கழற்றினாள். அழுவதற்கு முன்னால் அவள் செய்த காரியம், அதைத் தன் காதில் வைத்துக் கேட்டதுதான்.

யாரோ ஒருவன் பெண் குரலில் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தான். மத்தளம் தடதடத்தது. ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

பெட்டியை அணைத்தாள். அதன் பிறகுதான் கூச்சல் போட்டாள்.

தெரு கூடிற்று. டோ பூ கேட்ட முதல் கேள்வி எப்போது என்பது அல்ல, “என்ன கேட்டுட்டு இருந்தாங்க?” என்பதுதான்.

“ஓதல்தான்,” என்றாள் சான் யீ.

அந்த ஒரு வார்த்தை போதும் எங்கள் தெருவுக்கு. சாயங்காலத்துக்குள் டோ மியா யின்னின் முகத்தில் ஒளி இருந்தது. மறுநாள் காலைக்குள், உயிர் போகும்போது உதடு ‘சாது’ என்று அசைந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ரங்கூனிலிருந்து அலறிக்கொண்டு வந்த ஸின் மார், வருகிறவர்களிடமெல்லாம் ஹெட்போனைக் காட்டி, “பெருசா வாங்குவோம்னு நான்தான் அக்காகிட்ட சொன்னேன்” என்றாள். சான் யீ மறுக்கவில்லை. சோறும் தின்னவில்லை. அம்மாவின் துணியை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். துக்கம் என்று தெரு நினைத்தது.

ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவு. ஸின் மார் வாடகைக்கு எடுத்த இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் வாசல் கம்பத்தில் ஏறின. இப்போது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அவளுக்கு ஆத்திரம். கடைசியில் புண்ணியத்தைப் பங்கிடும் நேரம் வந்தது. மூத்த மகள் மண்டியிட்டு, கெண்டியிலிருந்து கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய பிக்கு ஒலிவாங்கியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இந்தத் தாய் தருமத்தைக் கேட்டபடியே போனவர். நல்ல கதிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நம் புண்ணியம் அவருக்கு வேண்டியிராது. ஆகவே இன்றைய புண்ணியத்தை, கேட்க நாதியில்லாமல் அலைகிற மற்ற உயிர்களுக்கெல்லாம்…”

சொட்டு நின்றது.

“ஊற்றும்மா,” என்றார் பிக்கு.

சான் யீ கெண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். அம்மா எங்கேயோ கையேந்தி நிற்கிறாள். கொடுக்க வேண்டியதை வேறு யாருக்கோ கொடுக்கிறார்கள். இப்போது விட்டால் இன்னொரு ஏழாம் நாள் கிடையாது.

“அவளுக்குக் குடுங்க சாமி. எங்கம்மாவுக்கே குடுங்க. அவ ஓதல் கேட்டுட்டுப் போகலை.” கெண்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். “கோமாளிக் கூத்து ஓடிட்டு இருந்துச்சு. நான் பொத்தானை அமுக்க மறந்துட்டேன். முன்னறையில கோ தெய்ன் லின்கூட உக்காந்து சிரிச்சுட்டு இருந்தேன்.”

ஒலிவாங்கி அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான்கு தெருவுக்கும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ தெய்ன் லின், தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தார்.

“சிரிச்சுட்டு இருந்தியா?” ஸின் மார் எழுந்தேவிட்டாள். “அம்மா செத்துட்டு இருக்கா, நீ சிரிச்சுட்டு இருந்தியா? இதுக்குத்தானா காதை அடைக்கிறதா பார்த்து வாங்கினே? நான் அப்பவே ஸ்பீக்கர்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!”

“ஆமா. இதுக்குத்தான் வாங்கினேன்,” என்றாள் சான் யீ.

பிக்கு ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். “தண்ணீரை ஊற்று,” என்றார். “உன் தாயின் பெயரைச் சொல்லி ஊற்று.”

அவள் ஊற்றினாள். சாது சொல்ல வேண்டிய இடத்தில் கூட்டத்தில் பாதிப்பேர்தான் சொன்னார்கள். மீதிப்பேர் அப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். தனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்ட மணியை டோ பூ விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு கோ தெய்ன் லின் அரிசி கொண்டு வரவில்லை. பிக்குகளின் மழைக்காலத் தவம் முடிந்து கல்யாணங்கள் தொடங்கியதும், அமரபுராவில் ஒரு நெசவுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டார். ஸின் மார் அக்காவோடு பேசுவதில்லை. அவள் புருஷனுக்குப் புதுத் தலைநகருக்கு மாற்றலாகி, குடும்பமே அங்கே போய்விட்டது. ஆங் பியோ பினாங்கில் ஒரு ஷான் இனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். படம் அனுப்பினான், வரவில்லை. சான் யீ வருடம் திரும்பும்வரை அதே வீட்டில் இருந்தாள். பிறகு லாஷியோவுக்குப் போனாள். அங்கே ஒரு நூடுல்ஸ் கடையில் வேலை என்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டை மொகோக்கிலிருந்து வந்த ஒரு ரத்தினக் கல் வியாபாரி வாங்கினார். ஆனால் பேய் வீடு என்று தெரு சொல்கிறது, இன்னும் யாரும் குடிவரவில்லை.