ஜவாஹிர் நானா வீட்டுக் காய்ச்சல்

மாத்தளையில் மஸீனாவின் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் சாப்பிடாத வீடு குறைவு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கிண்ணம் கிண்ணமாக விற்பாள். அத்தனையும் லக்கல காட்டில் சேனைப்பயிர் செய்வோரின் குடிசைகளுக்கு நுளம்பு வலை வாங்கத்தான். மலேரியா நாட்டை விட்டுப் போய் வருஷங்களாகின்றன. ஆனாலும் மாணிக்கக்கல் தேடி மடகஸ்கார் போகிறவர்களின் உடம்பிலேறி அது திரும்பி வரும் என்று அவளுடைய அண்ணன் ஜவாஹிர் நானா சொல்லிக்கொண்டே இருப்பார். வலை நிதிக்கு அவர்தான் தலைவர்.

"போய் வந்தவங்க இரத்தம் சோதிக்கணும். மறைக்கிறது பாவம்," என்பார்.

அந்தப் பேச்சைக் கிண்ணத்தோடு வீடு வீடாகச் சுமந்தவள் மஸீனா. அப்படித்தான், நானா சொல்லி அடுத்த தெரு நுஸ்லா வீட்டுக்குப் போய், மடகஸ்காரிலிருந்து வந்திருந்த அவள் புருஷன் நப்லானையும் சோதிக்க அனுப்பினாள். நோய் இருந்தது, மருந்தில் சுகமாயிற்று. ஆனால் சுகாதாரப் பகுதியார் வந்து தெரு முழுக்க மருந்தடித்ததும், நுஸ்லாவின் தங்கை றிப்னாவைப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் நைசாகக் கழன்றுகொண்டார்கள். அன்றிலிருந்து மஸீனாவைக் கண்டால் நுஸ்லா கதவைச் சாத்துவாள்.

"நல்லது செஞ்சா நாலு பேச்சு வரத்தான் செய்யும்," என்றார் நானா. மஸீனாவும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இந்த வியாழன், மறுநாள் வட்டிலப்பத்துக்குத் தேங்காய் எடுக்க நானா வீட்டுக்குப் போனாள். நடுப்பகல் வெயிலில், உள்ளறையில் இரண்டு போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டு கிடந்தான் நானாவின் மகன் ஸுஹைல். மடகஸ்காரில் கல் வியாபாரத்துக்கு நின்றவன்.

"எப்ப வந்த மகன்?"

"பத்து நாளாச்சு மாமி. யாருக்கும் சொல்ல வேணாம்னு வாப்பா சொன்னாங்க."

பின்னாலேயே ஜவாஹிர் வந்து நின்றார். "சும்மா தடிமன் காய்ச்சல். ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டாக்கள் வாராங்க. அது முடியட்டும்."

"நுஸ்லாட வீட்டுக்கு என்னைத்தானே அனுப்புனீங்க நானா?"

"அது ஊர் விஷயம். இது நம்ம வீட்டு விஷயம். வட்டிலப்பம் விக்கிறவளுக்கு டொக்டர் வேலை எதுக்கு?"

மஸீனா வெளியே போய் ஒரு திரீவீல் ஆட்டோவைக் கூட்டி வந்தாள்.

"இவன ஏத்துனா நீ எனக்குத் தங்கச்சி இல்ல," என்று ஜவாஹிர் வாசலை மறைத்தார்.

"தள்ளுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, வெளிநாடு ஏதும் போய் வந்தாயா என்றுதான். ஸுஹைல் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பது போல, "இல்ல, கொழும்புலதான் இருந்தேன்," என்றான்.

நெருப்பாய்க் கொதிக்கிற பிள்ளையின் வாயிலும் பொய்யை ஊட்டித்தான் வைத்திருந்தார் நானா.

"மடகஸ்கார்," என்றாள் மஸீனா. "வந்து பத்து நாள். விலாசத்தையும் எழுதிக்கோங்க டொக்டர். அந்தத் தெருவுக்கும் மருந்தடிக்க வேணும்."