ஆறினதும்

...இன்னும் ஆறாகவில்லை, பெரிய முள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அது உச்சியைத் தொட்டதும் பொடியைப் போட வேண்டும், அதுவரை கரண்டியை நிறுத்தக் கூடாது, அடிப்பிடித்தால் காப்பகத்து நாய்கள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்... அதுகளில் தொப்பை மட்டும் அப்படியில்லை, கருகலையும் வழித்து நக்கும், அதனால்தானே அந்தப் பெயர், இப்போது தொப்பை எங்கே இருக்கிறது, விலா எலும்பை எண்ணிவிடலாம், தின்றதெல்லாம் தண்ணீராகப் போய் மூலைச் சாக்கின் மேல் நனைந்த துணி மாதிரி கிடக்கிறது, பக்கத்தில் டாக்டரம்மா குந்தியிருக்கிறாள், கதவோரம் முதலாளி. "இன்னைக்கும் தேறலேன்னா ஊசி போட்டு அனுப்பிடலாம் டாக்டர், அது படற பாட்டைப் பாக்க முடியல" என்றார் வரும்போதே. அனுப்பிடலாமாம், பஸ் ஏற்றியா அனுப்பப் போகிறார்? நாய்களுக்குப் பொங்கிப் போடுகிறவனை யார் கேட்டார்கள், பெயருக்குத்தான் மாஸ்டர்...

அந்தப் பொடி கைவிடாது என்றுதானே நம்பியிருந்தான். டாக்டரம்மா போனில் சொன்ன அன்று சிரிப்புகூட வந்தது, "கிருமியைக் கொல்லத்தான் மருந்து, கிருமியே மருந்தா டாக்டரம்மா?" என்று கேட்டான், "நல்ல கிருமி மாஸ்டர், குடல்ல குடியேறிட்டா கெட்டதைத் துரத்திடும்" என்றாள், குடல் என்ன வாடகை வீடா என்று வீட்டில் சொன்னதற்கு மனைவி, "எனக்கு வயித்து வலி வந்தப்ப இப்படிக் கடிகாரம் பாத்தியாய்யா?" என்று இடித்தாள். அன்றைக்குச் சுற்றிலும் ஒரே குரைப்பு, ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டான், ஆறானதும் போடுங்க என்றாள், ஒரு நாள் தப்பவில்லையே, ஆறடித்ததும் கொதிக்கிற தீனியில் தூவி, நன்றாகக் கலக்கி, அப்புறம் நாக்குச் சுடாமல் இருக்க விசிறியால் வீசி வீசி... பெற்ற பிள்ளைக்குக்கூட வீசியதில்லை, பிறகும் மருந்து ஏன் கேட்கவில்லை?

"மாஸ்டர், பொடியை ஆறினதும்தானே போட்டீங்க?" குழாயைக் காதில் மாட்டியபடியே டாக்டரம்மா கேட்டாள்.

"ஆமா டாக்டரம்மா. ஆறானதும். டாண்ணு போட்டேன்."

தலையாட்டிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள். "அந்தக் கிருமிங்களும் உசுருதானே சார், சூட்டுல போட்டா வெந்து செத்துடும்."

சூட்டுல... எதுக்குச் சூட்டைப் பற்றிச் சொல்கிறாள், மணியைப் பற்றியல்லவா கேட்டாள்... ஆறானதும்... ஆறினதும்... கரண்டி நின்றுவிட்டது. ஐயோ. ஆறு இல்லை, ஆற. ஆற வைத்து. குடியேற வந்ததுகளை வாசலிலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொன்றது இந்தக் கையா, அதுவும் கடிகாரம் பார்த்து? இதைச் சொன்னால் முதலாளி இன்றே வெளியே போ என்பார், சொல்லாவிட்டால் ஊசி, பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல்... நாய்க்குத் தின்னக் கொடுத்ததெல்லாம் வெறும் சாம்பலா? கரண்டிச் சத்தம் நின்றதும் தட்டு வரப் போகிறது என்று நினைத்ததோ என்னவோ, தொப்பை வாலால் தரையில் ஒரு தட்டு தட்டியது. ஒன்றே ஒன்று.

"மருந்து கேக்கல சார், இனி நம்ம கையில இல்ல." டாக்டரம்மா ஊசியை எடுக்கப் பையின் ஜிப்பை இழுத்தாள். கடிகாரம் அடிக்கத் தொடங்கியது, பழகிய கை பொடியை எடுத்துப் பானை மேல் கொண்டுபோய்விட்டது, அங்கேயே நின்றது, வாயில் வந்த வார்த்தை இதுதான்:

"போடாதீங்க டாக்டரம்மா... இன்னும் ஆறல."

அவள் சுவரைப் பார்த்தாள். "ஆறு அடிச்சிடுச்சே மாஸ்டர்..."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. அவள் கண் கடிகாரத்திலிருந்து ஆவி பறக்கும் பானைக்கு இறங்கியது, பானையிலிருந்து அவன் விரலிடுக்கில் இருந்த பொடிக்கு வந்தது, கை ஜிப்பிலேயே நின்றது... என்ன யோசிக்கிறாள், இவன் காதையா, அன்றைக்குப் போனில் சொன்ன தன் நாக்கையா?