முதுகோடு முதுகாக ஒரு பஸ்கா

எருசலேமில் சலம்சியோனுக்காக இரண்டு ஆட்டுக்குட்டிகள் காத்திருந்தன. ஒன்று அவளுடைய அப்பா அனனேல் அரசருடையது. இன்னொன்று அத்தை எலிசேபாவுடையது. அத்தை இப்போது மாமியாரும்கூட.

கல்யாணமான பிறகு வரும் முதல் பஸ்கா பண்டிகைக்கு, பிறந்த வீட்டில் சாப்பிடுவதா புகுந்த வீட்டில் சாப்பிடுவதா என்று பெண்ணே சொல்லலாம். ஆனால் ஒரு குட்டியில்தான் பங்கு உண்டு. ஆலயத்தில் அறுப்பதற்கு முன்பே இது இன்னின்னாருக்கு என்று பேர் சொல்லியாக வேண்டும். பேர் சேராதவர் அதில் ஒரு துண்டைக்கூடத் தொடக் கூடாது.

அப்பாவுக்கும் அத்தைக்கும் வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சிறு வயதிலேயே அப்பாவை ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் அங்கே வளர்ந்தால் தகப்பன் இங்கே அடங்கி ஆள்வான் என்பது ரோமின் எண்ணம். தாத்தா இறந்த சேதி கிடைக்காமலேயே அப்பா ஊர் திரும்பினார். மழமழவென்று சிரைத்த முகமும் வாசனைத் தைலமுமாக அவர் இழவு வீட்டுக்குள் நுழைந்தபோது, கிழிந்த உடையோடு தரையில் உட்கார்ந்திருந்த அத்தை தலைநிமிர்ந்து, "யாரு இந்த ரோமாக்காரன்?" என்று கேட்டாள். இழவு வீட்டிலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். ரோம் அவரை எர்மோன் மலையடிவாரத்துக்கு அரசராக்கியது. அவர் நெஞ்சு வரைக்கும் தாடி வளர்த்தார். அக்காவின் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. பிள்ளைகளின் கல்யாணத்தைக்கூட ஆள் விட்டுத்தான் பேசி முடித்தார்கள். விருந்திலும் ஆளுக்கொரு கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்தச் சம்பந்தம் அவர்களைச் சேர்த்துவைக்கும் என்று சலம்சியோன் நம்பியிருந்தாள். இப்போது யார் பக்கம் போனாலும் மற்றவர் மனம் இன்னும் இறுகிவிடும்.

"நீயே எங்கம்மாகிட்ட பேசிக்க," என்றான் அவள் கணவன் யாக்கீம். "நான் உசுரோட பண்டிகை கொண்டாடணும்."

அவள் ஜன்னலருகே நின்றாள். கீழே தெரு முழுக்க வெளியூர்க்காரர்கள். எதிர்வீட்டில் இரண்டு குடும்பங்கள் ஒரே அறையை நடுவில் பிரித்து, பாய்களை எதிரெதிர்ச் சுவரோரமாக விரித்துக்கொண்டிருந்தன. இடம் கிடைக்காதவர்கள் வருடாவருடம் செய்வதுதான். அரண்மனைக்காரர்களுக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

முதலில், பண்டிகைக்காக ஊருக்கு வந்து தங்கியிருந்த அப்பாவிடம் போனாள்.

"உங்க குட்டிலதான்ப்பா சேர்றேன். ஆனா தாத்தா வீட்டு மாடியில சாப்பிடணும். அத்தையும் அங்க வருவாங்க."

"அவ இருந்தா எனக்கு அங்க வேலை இல்ல."

"ஒரு வார்த்த பேச வேணாம். ரெண்டு குட்டி, ரெண்டு கூட்டம்."

அரசர் தாடியைத் தடவினார். "ரோமுக்கே பதில் சொல்லிடுவேன்மா. ஒங்கிட்டதான் முடியல."

அத்தை அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"அப்பன் வீட்டுக் கறிதான் இனிக்குதோ?"

"மொதப் பண்டிகைதானே அத்த. அடுத்த வருஷத்துலேர்ந்து காலம் பூரா உங்க குட்டிதான்."

"அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எனக்கு எறங்குமாடி?"

"பாக்கவே கூடாது அத்த. ரெண்டு கூட்டம் ஒரே எடத்துல சாப்பிட்டா ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கணும். அதானே சட்டம்."

அத்தை யோசித்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவியது.

"சட்டப்படி அவனுக்கு முதுகக் காட்டலாங்கிற?"

"காட்டித்தான் ஆகணும்."

"அப்ப வர்றேன்."

இருட்டியதும் தாத்தா வீட்டு மாடியில் விளக்குகளை ஏற்றினார்கள். மாதுளங்குச்சியில் கோத்துச் சுட்ட குட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. வடக்குச் சுவரைப் பார்த்து அரசர் கூட்டம், தெற்குச் சுவரைப் பார்த்து அத்தை கூட்டம். நடுவில் திராட்சரசத்தில் கலக்க வெந்நீர்க் கெண்டி. புது மணப்பெண் கூச்சத்துக்காகச் சொந்தக் கூட்டத்துக்கும் முகம் காட்டாமல் சாப்பிடலாம் என்பதால் சலம்சியோன் ஒரு மூலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

வெந்நீர் ஊற்றும் வேலை யாக்கீமுக்கு. அவன் அம்மாவின் கூட்டம்; அடுத்த கூட்டத்தின் பக்கம் போகும்போது மெல்லக் கூடாது, மென்றால் இரண்டு கூட்டத்திலும் சாப்பிட்டதாகிவிடும். ஒரு கன்னம் உப்பியபடி, வாயை இறுக மூடிக்கொண்டு அவன் மாமனாருக்கு ஊற்றினான்.

"மருமகனே, முழுங்கிட்டே வந்திருக்கலாமே," என்றார் அரசர். அத்தை பக்கத்திலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் கறியும் தீர்ந்தன; சலம்சியோன் கையில் மட்டும் ஒரு துண்டு அப்பம் மிஞ்சியிருந்தது. துதிப்பாடல்களை எடுத்தார்கள். அப்பாவின் குரல் நன்றாகவே கிளம்பியது. நடுவில் ஒரு வரியில் தடுக்கியது. மறுபடி முந்தைய வரியிலிருந்து வந்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். அவர் பக்கத்திலிருந்த யாருக்கும் அரசருக்கு எடுத்துக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. சலம்சியோன் வாயைத் திறப்பதற்குள், தெற்குச் சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல் அந்த வரியை ராகத்தோடு நீட்டியது.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பாடினார்.

"சின்னப் புள்ளையிலயும் அங்கதான் சறுக்குவ," என்றாள் அத்தை சுவரிடம்.

"நீ ஒழுங்காச் சொல்லிக்குடுக்கல," என்றார் அப்பா எதிர்ச்சுவரிடம்.

"கப்பல் ஏத்துற அன்னிக்குக் காலையிலகூடச் சொல்லிக்குடுத்தேன். நீ எங்க கேட்ட? என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்த."

சலம்சியோன் மூலைச் சுவரின் காரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"நீயும்தான் அழுத," என்றார் அப்பா.

"ஆமா. அழுதேன். அப்புறம் அப்பா போன துக்கத்துலேர்ந்து தேறி வர்றதுக்குள்ள நீ வாசனையடிச்சுக்கிட்டு வந்து நிக்கிற. என் தம்பி எங்கடான்னு தேடினேன். அதான் அப்படிக் கேட்டுட்டேன்."

சாப்பாடு முடிந்துவிட்டது. பாட்டும் முடிந்துவிட்டது. இனிமேல் எந்தச் சட்டமும் யாரையும் சுவரைப் பார்க்கச் சொல்லவில்லை. பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்துப் பாய் என்று சலம்சியோனுக்குத் தெரியவில்லை. திரும்பினால் அது கலைந்துவிடுமோ என்று பயந்து அசையாமல் இருந்தாள்.

அப்போது அத்தையின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"தாடி நல்லாத்தான் இருக்கு. நம்ம அப்பாவுக்கு இருந்த மாதிரியே."

சலம்சியோன் மூலையைப் பார்த்தபடியே, கையில் மிஞ்சியிருந்த அப்பத் துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.