மாற்றிவிட ஆள்

1

சொந்தமாக யோசித்த கதை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் எதிர்வீட்டு ஆரோக்கியசெல்வி அக்கா சொன்னது. அவர் வாய் திறந்திராவிட்டால் எனக்கு ஒரு வரியும் கிடைத்திருக்காது. அந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘அடர்ந்த கானகத்தில் அந்த மாவீரன் தன்னந்தனியே...’

வாசித்துக் காட்டினேன். “மாவீரனா? எங்க வீட்டுக்காரரையா?” என்று அக்கா சிரித்தார். அடித்துவிட்டேன்.

2

இரண்டாவது தொடக்கம். 1970. கிரேட் நிக்கோபார் தீவின் காம்ப்பெல் பேயில் முன்னாள் ராணுவத்தாருக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. தூத்துக்குடிப் பக்கம் இருந்த வீட்டை விற்றுவிட்டு, இருதயநாதனும் செல்வியும் கப்பலேறி வந்தார்கள். அறுபது தென்னங்கன்றுகளுக்கு மூன்றடியில் குழி வெட்ட வேண்டும். வேலை நடக்காவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். திரும்பிப் போக வீடு கிடையாது.

இருதயநாதன் முதல் குழியை வெட்டினார். மூன்றடி ஆயிற்று. நாலடி ஆயிற்று. நெஞ்சளவு இறங்கியதும், வெட்டிய மண்ணை முன்பக்கம் அணைத்து, கடப்பாரையைத் துப்பாக்கியாகச் சாய்த்துக் காட்டைப் பார்த்து நின்றார். இருட்டியும் ஏறி வரவில்லை.

“ஏங்க, சோறு ஆறுது.”

“டியூட்டில இருக்கேன் செல்வி. மாத்திவிட ஆள் வரல.”

விடியும்வரை நின்றார். பகலில் தூங்கினார். மறுநாளும் அப்படியே. மற்ற ஐம்பத்தொன்பது குழிகள் வெட்டப்படவே இல்லை.

(இந்த இடத்தில் போர்க்காட்சி வைக்க ஆசைப்பட்டேன். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதனால் சுருக்கமாக: அறுபத்திரண்டில், சீன எல்லையில், படை இரவோடிரவாகப் பின்வாங்கியது. காவலுக்கு நின்ற இவரிடம் சொல்ல யாரும் வரவில்லை. மறுநாள் உச்சிவரை நின்றார்.)

3

பக்கத்து நிலத்துக்காரர் கர்னைல் சிங், ஓய்வுபெற்ற சுபேதார். அவரை நான் முதலில் நம்பவில்லை; கதைக்கு வசதியாக இவ்வளவு நல்ல மனிதர் கிடைப்பாரா? ‘குழியை மூடு என்று சர்தார் கத்தினார்’ என்று எழுதிப் பார்த்தேன்.

“பொய் எழுதாத தம்பி,” என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

சர்தார் கத்தவில்லை. குழியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அன்று அந்தியில் தலைப்பாகையைத் திருத்திக் கட்டிக்கொண்டு வந்து உள்ளே இறங்கினார்.

“இருதய், மை ஆ கயா. தூ ஜா.”

நான் வந்துவிட்டேன், நீ போ. இருதயநாதன் கடப்பாரையைக் கொடுத்துவிட்டு ஏறி வந்தார். சாப்பிட்டார். படுத்தார். எட்டு வருஷத்தில் முதல்முறையாக இரவில் தூங்கினார்.

பிறகு சர்தாரும் அக்கம்பக்கத்து முன்னாள் ராணுவத்தாருமாக ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டார்கள். அவர் தூங்கிவிட்டது தெரிந்தாலும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். காவலில் ஏமாற்றக் கூடாது என்று அவர்களுக்குள் பேச்சு. பகலில் இருதயநாதன் மற்ற குழிகளை வெட்டினார், சரியாக மூன்றடியில்.

4

முடிவு ஒன்று: அவர் குணமானார்.

“குணமாச்சுன்னு எழுதிராத. ஆள் வந்தாங்கன்னு எழுது.”

எழுதிவிட்டேன், அக்கா.

முடிவு இரண்டு: கன்றுகள் கப்பலில் வந்தன. இறக்குவதற்கு ஐந்து பேரும் கப்பல்துறைக்குப் போய்விட்டார்கள். அதே கப்பலில் வந்த அதிகாரி விடிந்ததும் நிலத்தைப் பார்க்க வருகிறார். அந்தி ஆயிற்று. இருதயநாதன் குழியில் நிற்கிறார். மாற்றிவிட ஆள் இல்லை.

செல்வி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஏதோ சொன்னார். என்னவென்று எவ்வளவு கேட்டும் அக்கா சொல்லவில்லை. இருதயநாதன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடப்பாரையை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு, அதிகாரிக்கு நிலத்தைச் சுற்றிக் காட்டினார்.

5

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த இரவில் செல்வி இன்னும் குழியில் நிற்கிறார். கடப்பாரையை வாங்கியாயிற்று, இப்போது டியூட்டி அவருடையது. எதிரே காடு கறுத்துக்கொண்டு வருகிறது. அதைப் பார்த்து அன்றைக்குத்தான் பயந்தாராம். ‘இந்த மனுஷன் இத்தனை நாள் இதையா பார்த்துக்கிட்டு நின்னாரு’ என்று அழுதாராம்.

“உங்களை மாத்திவிட யாராவது வந்தாங்களா அக்கா?”

“வராம? வரலைன்னா இப்ப உன்கிட்ட உக்காந்து பேசிக்கிட்டா இருப்பேன்?”

“யாரு?”

அக்கா அரிசி களையப் போய்விட்டார்.

ஒரு பெயரை எழுதினேன். அதை எழுத எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது, அடித்துவிட்டேன். இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்காக ஒருநாள் வந்து நின்றவர் பெயரை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

‘இருட்டில் குழியோரம் காலடி கேட்டது. வந்தது ...................’