சிவப்புத் தண்டு

எழில்மொழிக்குக் கலப்பு ஆகாது. சோற்றில் கல் கடிபட்டாலும் விதையில் கலப்பு கிடந்தாலும் அவளுக்கு ஒரே எரிச்சல்தான். தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் கீரை விதைக் காப்பகத்துக்கு அவள்தான் பொறுப்பு. டெல்டா ஊர்களில் தேடிப்பிடித்த சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை விதைகளைக் குளிர் அறையில் வைத்துக் காக்க வேண்டும். முளைப்பு குறையுமுன் வயலில் போட்டுப் புது விதை எடுக்க வேண்டும். அடுத்தவர் வயலில் களை பறித்த குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். தன் வேலையில் சொட்டை சொல்ல எவருக்கும் இடம் வைக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். அந்த வைராக்கியம்தான் இந்த ஐப்பசியில் வினையாக வந்து நின்றது.

குத்தாலத்துக்குப் பக்கத்து ஊரில் கீரை போடும் ரெங்கம்மாள் போன் செய்தாள். அவளிடம்தான் எழில்மொழி ஒருமுறை தண்டுக்கீரை விதை வாங்கி வந்து காப்பகத்தில் சேர்த்திருந்தாள்.

"அம்மாடி, கீரை பூராவும் போச்சு. இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா கொப்புளம். வாங்க வர்றவங்க கட்டைத் திருப்பிப் பார்த்துட்டு அப்படியே வச்சிட்டுப் போயிடுறாங்க."

"எல்லாமேவாக்கா?"

"ஒரு செடி நிக்கலம்மா. எந்த மழையிலயும் கொஞ்சமாவது தேறும். இந்தத் தடவ என்ன கேடோ!"

கொஞ்சமாவது தேறும் என்ற பேச்சு எழில்மொழியின் காதிலேயே நின்றது. விதை வாங்கிய அன்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்தாள். அதுவும் அடைமழைக் காலம்தான். பச்சைத் தண்டுச் செடிகளில் அங்கங்கே அதே கொப்புளம். நடுநடுவே சிவப்புத் தண்டுச் செடிகள். அவற்றின் இலையில் ஒரு புள்ளி இல்லை. கலப்பு என்று காட்டத்தான் அந்தப் படத்தை எடுத்திருந்தாள். அன்று கொப்புளம் அவள் கண்ணில் படவில்லை, சிவப்பு மட்டும்தான் பட்டது.

"அக்கா, சிவப்பெல்லாம் கலப்பு. பூக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கிடுங்க, அப்பத்தான் விதை சுத்தமா இருக்கும்" என்று ரெங்கம்மாளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வந்ததும் அவளேதான். படித்த பெண் சொல்கிறாளே என்று ரெங்கம்மாளும் போகத்துக்குப் போகம் பிடுங்கினாள். பிடுங்கியது குழம்பில் போயிற்று. மிஞ்சியது பச்சை மட்டும். ஒரு நோய் வந்தது, பாத்தி மொத்தமும் சாய்ந்தது.

சிவப்பு உண்மையிலேயே அந்த நோயைத் தாங்குமா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதிக்கச் சிவப்பு வேண்டுமே! நன்றாக இருந்த ஒரு குடும்பத்துக் கீரையைச் சுத்தம் சுத்தம் என்று சொல்லியே கெடுத்தோமே என்று எழில்மொழிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இனி இருப்பது காப்பகத்து விதைதான். அதிலும் ஒரு சிக்கல். வாங்கி வந்தது ஒரு கைப்பிடி. அவ்வளவையும் வயலில் விதைத்துப் பெருக்கித்தான் குளிர் அறையில் வைத்தார்கள். அப்போது அவள் பிரசவ விடுப்பில் போனாள். போகும்போது வயல் உதவியாளர் பரணிதரனிடம், சிவப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். முடிந்தது மேடம் என்று அவனும் போனில் சொன்னான்.

பரணிதரன் நீடாமங்கலம் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. வரப்போடு நின்றுவிடுவான். குனிந்தால் பரம்பரைக்கே குறைச்சல் என்பதுபோல நிமிர்ந்தே வேலை பார்ப்பான், அதாவது பார்க்க மட்டும் செய்வான். அவனைப் பற்றி அவள் மேலிடத்தில் முறையிட்டதும் உண்டு. சாமி கும்பிடாத வீட்டில் பிறந்தவள் அன்று முதன்முதலாகக் கும்பிட்டாள். கடவுளே, இவன் வேலை செய்திருக்கக் கூடாது!

அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பரணி, குத்தாலத்துத் தண்டுக்கீரையில சிவப்பைப் பிடுங்கினீங்களா?"

"பிடுங்கிட்டேங்க மேடம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலைங்க."

"விட்டிருந்தா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். இப்ப அந்தச் சிவப்புதான் நமக்கு வேணும்."

மடியில் கனம் உள்ளவனுக்கு நல்ல வார்த்தைதான் அதிக பயம். வேலை நிரந்தரமாவதற்கு அவள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவன் அவன். மேடம் போட்டு வாங்குகிறார்கள் என்றே நினைத்தான்.

"என்னங்க மேடம் இப்படிக் கேக்குறீங்க? ஆளுங்களோட நானும் இறங்கி, இடுப்பு ஒடியப் பிடுங்கினேங்க. வீட்ல போயி தைலம் தேய்ச்சுக்கிட்டேன்."

தைலம் வரைக்கும் சொல்கிறானே, நிஜமாகத்தான் இருக்குமோ என்று அவள் பயந்தாள். இனி அவனைக் கேட்டுப் பயனில்லை. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும். குளிர் அறையிலிருந்து விதை எடுத்துத் தட்டில் தூவி, நிழல்வலைக் குடிலில் வைத்தாள். தண்டின் நிறம் முளையிலேயே தெரிந்துவிடும். தட்டில் சிவப்பு இல்லையென்றால் ரெங்கம்மாள் வீட்டுச் சிவப்பு உலகத்தில் எங்கும் இல்லை, கதை முடிந்தது.

முளை வரும் நாளில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தாள். குடிலுக்குள் பரணிதரன் இருந்தான். அவளுக்கு முன்னால் அவன் ஆபீசுக்கு வந்ததே இல்லை. குனிந்திருந்தான். அவன் குனிந்து அவள் பார்த்ததும் இல்லை. தட்டுக்குமேல் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ நகத்தால் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"பரணி! கைய எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் உள்ளங்கை விரிந்துவிட்டது. அதில் நூல் நூலாகச் சிவப்பு முளைகள். தட்டின் ஒரு பாதியில் வெறும் பச்சை. அவன் விரல் இன்னும் போகாத மறுபாதியில், பச்சைக்கு நடுவே அங்கங்கே சிவப்பு. கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் தட்டு முழுக்கப் பச்சையாக இருந்திருக்கும். அவளும் இல்லை என்று எழுதி மூடிவைத்திருப்பாள்.

"எப்படின்னு தெரியலைங்க மேடம்... பிடுங்கினதுதான்... எங்கேயோ ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும்" என்று உளறினான். முகம் வெளிறிப்போயிருந்தது.

எழில்மொழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் உள்ளங்கையிலிருந்த முளைகளை எடுத்து, வேர் இருந்தவற்றை விரல் நுனியால் ஈர மண்ணில் திரும்ப ஊன்றினாள். பிழைக்குமோ பிழைக்காதோ, மனசு கேட்கவில்லை. ஊன்றி முடித்து நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது.

"பரணி, நான் சொன்னதை அந்த அக்கா ஒழுங்கா செஞ்சாங்க. அவங்க பாத்தியில ஒரு சிவப்பு இல்ல. நீங்க செய்யல. அதனாலதான் இது உசிரோட இருக்கு."

இதைவிடப் பெரிய திட்டு இருக்க முடியாது என்று எண்ணி, பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான்.